ஆடும் கையின் உரிமையாளர்

மைசூர் ஹெப்பாளத் தொழிற்பேட்டையின் கடைசிச் சந்தில் எந்த ஷெட்டுக்கும் ரகசியம் என்று ஒன்று இருந்ததில்லை. வைத்துக்கொள்ள இடமும் இல்லை. ஒருவருடைய டிரில்லிங் மெஷின் இன்னொருவர் வாசலில் நிற்கும். ஒருவர் வெல்டிங் வைத்தால் எதிர் ஷெட்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆயுத பூஜை அன்று இந்தப் பழக்கத்துக்கு ஒரு மரியாதையும் வந்து சேரும். எல்லாரும் ஷட்டரை முழுக்கத் தூக்கி, இயந்திரங்களுக்குச் செவ்வந்தி சாத்தி, ஒருவர் ஷெட்டுக்கு ஒருவர் குடும்பத்தோடு போவார்கள். பொரியும் கடலையும் கொறித்தபடி மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். புதிதாக ஏதாவது கண்ணில் பட்டு மனசுக்குப் பிடித்துப்போனால், மறுநாள் ஒரு தேங்காயோடு போய், "இதை நானும் போட்டுக்கறேன்" என்று சொல்லி எடுத்துக்கொள்ளலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று. பின்னால் யாராவது "இது ஏது?" என்று கேட்டால், எடுத்த இடத்தின் பேரைச் சொல்லிவிட வேண்டும். அந்தச் சந்தில் யோசனைக்கு இருந்த விலை அவ்வளவுதான்.

மல்லப்பனும் அப்படித்தான் எடுத்தான். அவன் தொழில் ராகிக் களி கிண்டும் இயந்திரம் செய்வது. ஹாஸ்டல்களும் கேன்டீன்களும் வாங்கும். இயந்திரம் நன்றாகவே சுற்றியது, களிதான் சுற்றவில்லை. அது அண்டாவின் உட்சுவரில் அப்பிக்கொள்ள, நடுவில் துடுப்பு மட்டும் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து ஷெட் மாதேவி ஊதுபத்திக்கு மசாலா பிசைந்து கொடுப்பவள். கரித்தூளும் பசைத்தூளும் தண்ணீரும் சேர்ந்தால் களியைவிட மோசமாக ஒட்டும். ஆனால் அவள் அண்டாவில் ஒட்டவில்லை. துடுப்பின் முனையில் ஒரு மரப்பட்டையை சைக்கிள் சீட்டு ஸ்பிரிங்கில் கோத்து மாட்டியிருந்தாள். பட்டை சுவரோடு ஒட்டி வழித்துக்கொண்டே போகும். கட்டி இடறினால் முறியாமல் விலகிக்கொடுத்து, தாண்டியதும் மறுபடி சுவரில் போய்ச் சேரும். சந்தில் அதற்கு 'ஆடுற கை' என்று பேர்.

தேங்காயோடு போனபோது மாதேவி சொன்னாள்: "வெச்சுக்க மல்லப்பா. ஸ்பிரிங்கு மட்டும் பழசாப் பாத்துப் போடு. புதுசு வெறைச்சுக்கும்."

அதோடு முடிந்திருக்க வேண்டிய சங்கதி. ஆனால் அந்த வருஷம் மைசூரில் 'திறந்த புத்தாக்க ஊக்குவிப்பு மையம்' என்று ஒன்றைத் தொடங்கிவிட்டார்கள்.

சிறு, நடுத்தரத் தொழில் செய்பவர்கள் தங்கள் யோசனைகளைப் பூட்டி வைத்துக்கொண்டு முன்னேறாமல் கிடக்கிறார்கள் என்பது மையத்தின் கண்டுபிடிப்பு. ஆகவே அவர்களைத் திறக்க வேண்டும். திறப்பதற்கான முதல் பயிலரங்கம் அக்ரஹாரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலின் மாடியில் நடந்தது. மல்லப்பனின் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டி, கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார்கள். எல்லாரும் வந்து சேர்ந்ததும் கதவைப் பூட்டினார்கள். திறந்த கலந்துரையாடல் வெளியே கேட்டுவிடக் கூடாதல்லவா.

டைரக்டர் டாக்டர் பசவராஜ் பேசினார். கன்னடமும் இங்கிலீஷுமாக அவர் பேசியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"நண்பர்களே, அறிவு காற்றைப் போன்றது. எல்லாருக்கும் பொது. ஆனால் காற்றை எல்லாருக்கும் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் அதை ஒரு டப்பாவில் அடைத்தாக வேண்டும். அந்த டப்பாதான் நமது மையம். இதற்காக நான் ஏழு நாடுகளுக்குப் போனேன். திறந்த புத்தாக்கம் அங்கே எப்படி நடக்கிறது என்று கண்ணாரப் பார்த்தேன். பார்த்ததை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பதால் உங்களிடம் சொல்ல இயலவில்லை. ஆனால் மிக நன்றாக நடக்கிறது."

கைதட்டினார்கள். அடுத்து ஒரு விளையாட்டு. ஒவ்வொருவரும் தன் யோசனையைச் சொல்லி, கம்பளி நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, நூல்பந்தை வேறொருவரிடம் எறிய வேண்டும். கொஞ்ச நேரத்தில் மைசூரின் சிறுதொழில் முழுவதும் ஒன்றோடொன்று பிணைந்து நின்றது. நல்ல வலைப்பின்னல் என்று படம் எடுத்துக்கொண்டார்கள். அவிழ்ப்பதற்குத் திட்டத்தில் இடம் இல்லை. கத்தரிக்கோல் கேட்டதற்கு, வலைப்பின்னலை வெட்டுவது மையத்தின் கொள்கைக்கு ஒத்துவராது என்றார்கள். எல்லாரும் பிஸிபேளேபாத்தை ஒற்றைக் கையால் தின்றார்கள். மல்லப்பன் தண்ணீர் குடிக்க எழுந்தால் கூடவே ஒரு ஸ்க்ரூ கம்பெனிக்காரரும் இரண்டு மசாலாப்பொடிக்காரர்களும் எழ வேண்டியிருந்தது.

அந்த நிலையில்தான் சௌம்யா அவனிடம் வந்தாள். மையத்தின் திட்ட அலுவலர். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். எந்த மொழியில் தொடங்கினாலும் இங்கிலீஷில் போய் இறங்குவாள். கையில் ஒரு டேப்லெட்.

"உங்க ஐடியா சூப்பர் சார். ஒரே ஒரு கேள்வி, அஷ்டே, அவ்ளோதான். இது யாரோடது?"

"பக்கத்து ஷெட் அக்காதுங்க" என்றான் மல்லப்பன். முதல் தடவை அவன் பேரைச் சொல்லத்தான் செய்தான். அவனுக்காகச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான் என்பதால் இங்கேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

சௌம்யா உதட்டைப் பிதுக்கினாள். "அதுக்கு ஆப்ஷன் இல்லியே சார். 'வெளியிலிருந்து வந்தது'ன்னா யுனிவர்சிட்டி, ஃபாரின், பெரிய கம்பெனி, மூணுதான் இருக்கு. பக்கத்து ஷெட்டு வெளியும் ஆகல, உள்ளயும் ஆகல. சொந்தம்னு போட்டுடலாமா?"

"அக்கா பேர எங்கயாச்சும் ஓரமா..."

"ஓரமே குடுக்கல சார் இதுல. ஓனர் இருந்தாத்தான் காம்படிஷனுக்குப் போகும். ஃபர்ஸ்ட் வர்ற மெஷினை டிஸ்ட்ரிக்ட் ஹாஸ்டல் அத்தனைக்கும் எடுக்கறாங்க."

மாவட்டத்து ஹாஸ்டல் அத்தனையும் என்ற சொல் மல்லப்பனின் காதுக்குள் களி மாதிரி அப்பிக்கொண்டது. தலை அசைந்தது. அது சம்மதித்த அசைவா, யோசிக்கிற அசைவா என்று பின்னால் பல தடவை தனக்குள் வழக்காடிப் பார்த்தான். சௌம்யாவின் விரல் வழக்காடவில்லை. தொட்டுவிட்டது.

சாயங்காலம் மாதேவியிடம் கம்பளி நூல் கதையைச் சொன்னான். ஒற்றைக் கையால் சாப்பிட்டதைச் சொன்னான். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஏழு நாட்டைச் சொன்னான். மீதியை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டான். மறுநாளும் அதற்கு ஒரு நாளை இருந்தது.

டைரக்டர் ஷெட்டைப் பார்வையிட வந்தார். கூடவே புகைப்படக்காரர். ஆடுற கைக்கு அன்று புதுப் பேர் சூட்டப்பட்டது: தகவமைந்து நெகிழும் பரப்புத் தொடர்புக் கரம். சைக்கிள் ஸ்பிரிங் படத்தில் சைக்கிள் ஸ்பிரிங் மாதிரியே தெரிந்ததால் அதற்கு முன்னால் ஒரு பூந்தொட்டியை வைத்து எடுத்தார்கள். திரும்பும்போது டைரக்டர் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். இரண்டு ஷெட்டுக்கும் நடுவே ஒரு தகரத்தைக் கழற்றிவிட்டு ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வழி இருந்தது.

"இது என்ன?"

"வழிங்க சார். அக்கா ஷெட்டுக்குப் போக, வர."

"இதன் வழியாக என்னென்ன போகிறது?"

"ஸ்பேனர் போகுங்க. ஆளில்லாதப்ப ஆளு போவாங்க. டீ வரும்."

டைரக்டர் பெருமூச்சு விட்டார். "உங்கள் அறிவெல்லாம் இப்படி ஒழுகிக்கொண்டிருக்கிறது. இதை அடைக்காமல் திறந்த புத்தாக்க வளாகம் என்று எப்படிச் சான்று கொடுப்பது? இதை மூடுங்கள். மூடிய இடத்தில் திறந்த புத்தாக்கச் சாளரம் ஒன்றை மையமே வைத்துக் கொடுக்கும்."

வைத்துக் கொடுத்தார்கள். நிதியில் வண்ணத்துக்கு மட்டும் இடம் இருந்ததால் சாளரத்தைத் தகரத்தின் மேல் வரைந்தார்கள். நல்ல ஓவியர். இரண்டு கதவும் விரியத் திறந்து, அப்பால் நீல வானம், சாமுண்டி மலை.

மாதேவி முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து அதைப் பார்த்தாள்.

"அழகாத்தான் இருக்குது. டீ இதுல வருமா?"

"படங்கக்கா. நான் சுத்தி வந்து வாங்கிக்கறேன்."

"அந்தப் பக்கம் என்னோட ஷெட்டு இருக்கோணுமே. மலையில்ல தெரியுது."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மல்லப்பன் அன்றைக்கு டீ வாங்கப் போகவில்லை. மறுநாள் வீட்டிலிருந்தே ஒரு பிளாஸ்க் கொண்டுவந்தான்.

விஷயம் மாதேவிக்கு அவன் வாயால் தெரியவில்லை. சௌம்யா வாயால் தெரிந்தது. சந்தில் 'புத்தாக்கப் பரவல் கணக்கெடுப்பு' நடத்த வந்தவள், மாதேவியின் அண்டாவை எட்டிப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"மேடம், இந்தக் கரம் உங்ககிட்ட எப்படி?"

"எதும்மா, கையா? அது அஞ்சாறு வருஷமா ஆடிட்டிருக்குது."

"பர்மிஷன் வாங்கியிருக்கீங்களா?"

"யார்கிட்ட?"

"ஓனர்கிட்ட. மல்லப்பன் சார்கிட்ட."

மசாலா பிசைந்துகொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். மாதேவி மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்படிங்களா" என்றாளாம். இதை மல்லப்பனுக்குச் சொன்னது அந்தப் பெண்களில் ஒருத்தி. 'அப்படிங்களா'வை அவள் எந்தக் குரலில் சொன்னாள் என்று மல்லப்பன் திரும்பத் திரும்பக் கேட்டான். சும்மாதான் சொன்னாங்க என்றாள் அவள்.

மையம் தன் கடமையைச் செய்தது. மாதேவியிடம் மசாலா வாங்கும் ஏற்றுமதிக் கம்பெனிக்கு, இன்னொருவர் புத்தாக்கத்தை இவர் உரிய அனுமதி இல்லாமல் பயன்படுத்திவருவது தெரியவந்துள்ளது என்று மெயில் போயிற்று. அந்தக் கம்பெனி ஒழுக்கத்துக்குப் பேர்போனது. விஷயம் தீரும்வரை ஒரு மூட்டைகூட எடுக்க மாட்டோம் என்றுவிட்டது. சிவராத்திரி சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. மாதேவி பெண்களை வீட்டுக்கு அனுப்பினாள். பிசைந்து வைத்த மசாலா டிரம்மிலேயே இறுகிக் கல்லானது. சந்தில் வழக்கமாக வரும் சந்தன வாசனை நின்றுபோய், மல்லப்பனின் ஷெட்டில் களி வாசனை மட்டும் தனியாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம் மாதேவி சுற்றிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு தாள்.

"உன்ற கையெழுத்து வேணுமாம் மல்லப்பா."

'எனது கண்டுபிடிப்பை மேற்படி பயனாளி பயன்படுத்திக்கொள்ள எனக்கு ஆட்சேபணை இல்லை.' மல்லப்பன் படித்தான். மறுபடி படித்தான்.

"அக்கா, நான் அப்பவே உங்ககிட்டச் சொல்லிருக்கோணும்."

"எதைச் சொல்லிருக்கோணும்?"

சொல்லலாம். வாய் திறந்தும் இருந்தது. கை அவளுடையது என்று இப்போது சொன்னால் கையெழுத்து செல்லாது. கையெழுத்து செல்லாவிட்டால் மசாலா போகாது. ஆகவே அக்காவுக்காகத்தான் சொல்லாமல் இருக்கிறோம் என்று அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றியது. கையெழுத்துப் போட்டான். பேனா நன்றாக ஓடியது.

"ரொம்ப உபகாரம்" என்றாள் மாதேவி. குத்திச் சொல்ல நினைத்தால் நேராகவே சொல்லிவிடும் வழக்கம் உள்ளவள். அதனால் அந்த வார்த்தை அவனை வீடு வரைக்கும் துரத்தி வந்தது.

அனுமதி மட்டும் போதாது என்று சௌம்யா அப்புறம் விளக்கினாள். விருது விழாவில் பயனாளி மேடையேறி, இந்தப் புத்தாக்கத்தால் தன் வாழ்க்கை எப்படி மாறியது என்று சாட்சியம் சொன்னால்தான் கோப்பு முடியும். பேசவேண்டியதை மையமே எழுதித் தந்தது. 'ஒட்டும் மசாலாவோடு போராடிக்கொண்டிருந்த எனக்கு, பக்கத்து ஷெட்டிலிருந்து ஒரு வெளிச்சம் வந்தது' என்று அது தொடங்கியது.

விழா மண்டபத்தின் சாவி கிடைக்காததால் திறந்த புத்தாக்க விருது விழா கொஞ்சம் தாமதமாகத் தொடங்கியது. ஹாஸ்டல் அதிகாரிகள் முன்வரிசையில் இருந்தார்கள். மல்லப்பனின் பெண்டாட்டி ஸ்ரீதேவி பட்டுப்புடவையில், உறவினர்கள் புடைசூழ உட்கார்ந்திருந்தாள். மாதேவி மேடையில் பயனாளிகள் வரிசையில், கையில் மடித்த தாளோடு. அவள் எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. அவனைப் பார்த்திருந்தால்கூட மல்லப்பனால் தாங்கியிருக்க முடியும்.

கேடயத்தை வாங்கினான். மைக்கைப் பிடித்தான்.

"இந்தக் கை என்னுது இல்லைங்க. பக்கத்து ஷெட் மாதேவி அக்காது. கேட்டப்ப நான் பேரை அழுத்திச் சொல்லல. தப்பு என்னுது."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"பார்த்தீர்களா?" என்றார், குரல் தழுதழுக்க. "தான் கண்டுபிடித்ததைத் தன்னுடையது இல்லை என்று சொல்லும் மனம். மையத்தின் மூன்று பயிலரங்கங்கள் ஒரு மனிதரை எவ்வளவு திறந்துவிட்டன."

கைதட்டல் எழுந்தது.

"இல்லைங்க சார். நெசமாவே அவங்களுது."

கைதட்டல் கூடியது. மூன்றாவது தடவை சொன்னபோது ஹாஸ்டல் அதிகாரிகள் எழுந்து நின்றே தட்டினார்கள். அவனைக் குற்றவாளியாக ஏற்றுக்கொள்ள அந்த மண்டபத்தில் ஒருவரும் தயாராக இல்லை. அவமானப்பட வந்தவன் பெருமைப்பட்டு உட்கார்ந்தான்.

மாதேவியைக் கூப்பிட்டார்கள். தாளை அவள் பிரிக்கவில்லை.

"அவரு இப்பச் சொன்னது அத்தனையும் நெசம்" என்றாள். அதற்கும் தட்டினார்கள். ஓயும்வரை பொறுத்திருந்தாள். "ஆனா அது என்னுதும் இல்ல. கௌதள்ளில ராமக்கான்னு ஒருத்தி, மாதேஸ்வரன் மலைக்குப் போறவங்களுக்குக் கடலை மிட்டாய் போடறா. அவ பாகு கிண்டற கொப்பரையில பாத்தேன். கேட்டேன், குடுத்தா. பேரு ராமக்கா. ரோட்டு மேலயே கடை."

உட்கார்ந்துவிட்டாள். மல்லப்பனுக்கு இத்தனை நாளும் தொண்டையில் நின்ற சமாச்சாரம். அவளுக்கு ஒரு மூச்சு ஆயிற்று.

டைரக்டரின் முகம் மாறியது. பணிவு என்றால் ஒருவர் செய்யலாம். இருவரும் செய்தால் கோப்பு நிற்காது. மேடையிலேயே கூடிப் பேசினார்கள். பிறகு அறிவித்தார்: "ஒருவர் தன்னுடையது இல்லை என்கிறார். மற்றவரும் இல்லை என்கிறார். பூட்டே இல்லாத கதவை நாங்கள் எப்படித் திறப்பது? மூல உரிமையாளர் கண்டுபிடிக்கப்படும்வரை மேற்படி கரத்தை யாரும் எந்த அண்டாவிலும் இயக்கக் கூடாது."

மல்லப்பன் போட்ட கையெழுத்து, உரிமையாளர் அல்லாதவர் போட்டது என்பதால் செல்லாமல் போயிற்று. கேடயத்தை சௌம்யா சங்கடத்தோடு திரும்ப வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். "ஹோல்டுல இருக்கும் சார், அஷ்டே."

வாசலில் மாதேவி ஆட்டோவுக்கு நின்றிருந்தாள்.

"அக்கா, இன்னிக்கு நான் வாயை மூடிட்டிருந்தா சிவராத்திரிக்கு உங்க மசாலா போயிருக்கும்."

"ஆமா" என்றாள். ஆறுதலாக ஒன்றும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆட்டோ வந்து, உள்ளே ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னாள்: "அன்னிக்கு நீ தொறந்திருந்தாலும் போயிருக்கும்."

மையம் 'மூலம் தேடி' என்று ஒரு பயணத்தை அறிவித்தது. காருக்கு பேனர் அச்சாகிவர ஒரு வாரம் ஆனது. கார் கிளம்பும் நாளில் மல்லப்பன் விடியற்காலையிலேயே பைக்கில் கொள்ளேகால் வழியாகக் கௌதள்ளிக்குப் புறப்பட்டான். கௌதள்ளி அவன் ஊர். ராமக்காள் அவனுக்குத் தூரத்து அத்தை முறை. அவள் ஒரே ஒரு வார்த்தை, 'என்னுது' என்று சொல்லிவிட்டால் போதும். உரிமையாளர் கிடைத்துவிடுவார்; அனுமதி கொடுத்துவிடுவார்; மாதேவியின் பெண்கள் மறுநாளே வேலைக்கு வந்துவிடுவார்கள். வழியெல்லாம் அதை எப்படிச் சொல்வது என்று பேசிப் பார்த்துக்கொண்டே போனான்.

ராமக்காள் கடையில் கூட்டம். சிவராத்திரிக்கு மாதேஸ்வரன் மலைக்கு நடந்து போகிறவர்கள் தோள்மூட்டையோடு நின்று மிட்டாய் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் அடுப்பில் கொப்பரை. அதற்குள் மோட்டாரோடு ஒரு துடுப்பு. துடுப்பு முனையில், பாகில் நனைந்து மினுங்கிக்கொண்டு, ஆடுற கை.

"வா மல்லப்பா. சாப்பிட்டியா? என்ன, மொகம் ஏன் இப்படிக் கெடக்குது?"

நடந்ததைச் சொன்னான். தலையாட்டியதையும் சொன்னான். கடைசியில் கேட்டான்: "இன்னும் செத்த நேரத்துல கார் வருங்கத்தே. கேட்டா, உங்களுதுன்னு மட்டும் சொல்லிருங்க."

"அதெப்படி? அது மாரக்கா குடுத்ததாச்சே."

"இருக்கட்டுங்கத்தே. சும்மா ஒரு பேச்சுக்கு."

"சும்மா எப்படிச் சொல்றது? நாளைக்கு அவ மொகத்துல முழிக்க வேண்டாமா?" அவள் கோபப்படவில்லை. தட்டில் பாகை ஊற்றித் தேய்த்துக்கொண்டே, புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறவள் மாதிரி அவனைப் பார்த்தாள். "நீ சொன்னியாக்கும் அப்படி?"

பதில் சொல்லும் முன் கார் வந்தது. சௌம்யா இறங்கினாள். டைரக்டர் இறங்கி, முதல் வேலையாக மோட்டாரை நிறுத்தச் சொன்னார். உரிமை முடிவாகும்வரை இயங்கக் கூடாதல்லவா. துடுப்பு நின்றது. அடுப்பு நிற்கவில்லை.

"இந்தக் கரம் உங்களுடையதா?" சௌம்யா தமிழில் கேட்டாள்.

"இல்லம்மா. மாரக்கா குடுத்தது. அவ வூட்டுக்காரரு இங்க சைக்கிள் கடை வெச்சிருந்தாரு. இப்ப சத்தியமங்கலம் பக்கம் பொண்ணு வூட்டோட போயிட்டாங்க. அவளுக்கு யாரு குடுத்தான்னு அவளைக் கேளுங்க, சொல்லிருவா."

சௌம்யா மொழிபெயர்த்தாள். டைரக்டரின் முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"சத்தியமங்கலம் என்றால் தமிழ்நாடு. வெளிமாநிலம். அப்படியானால் இது மாநிலங்களுக்கு இடையிலான மூலத் தேடல். இரண்டு மாநிலக் கூட்டுக் குழு அமைக்க வேண்டும். நிதி ஏப்ரலுக்கு மேல்தான் வரும். அதற்குள் ஒரு கருத்தரங்கு வைத்துவிடலாம்."

"சிவராத்திரி சீசன் போயிடும் சார்" என்றாள் சௌம்யா, தயங்கித் தயங்கி. "அந்த மேடம்..."

"சிவராத்திரி வருஷா வருஷம் வரும் சௌம்யா. இந்த மாதிரி ஒரு மூலம் வாழ்க்கையில் ஒரு தடவைதான் கிடைக்கும்."

மல்லப்பன் நின்றுகொண்டிருந்தான். மாரக்காளும் 'என்னுது' என்று சொல்லப் போவதில்லை. அவளுக்குக் கொடுத்தவரும் சொல்லப் போவதில்லை. கார் போய்க்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஊரிலும் ஓர் ஆள் இன்னொரு பேரைச் சொல்லுவார். ஒவ்வொரு ஊரிலும் ஓர் அண்டா நிற்கும். இந்த வரிசையிலேயே அந்த வார்த்தையைச் சொல்லக்கூடிய ஆள் ஒருவன்தான் இருந்தான்.

"என்னுதுங்க சார்" என்றான்.

டைரக்டர் திரும்பினார்.

"அன்னிக்கு மேடையில பணிவுக்காகச் சொன்னேன். நெசத்துல நான்தான் கண்டுபுடிச்சேன். இவங்கெல்லாம் என்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டவங்க."

மிட்டாய் வாங்க நின்றவர்களில் பாதிப்பேர் அவனைச் சின்ன வயசிலிருந்து தெரிந்தவர்கள். அவர்கள் காகிதப் பொட்டலத்தோடு அப்படியே நின்றார்கள். மாதேவி அக்காவுக்காகச் சொன்னேன் என்று மல்லப்பன் மனசுக்குள் சொல்லிக்கொண்டான். சொல்லி முடிக்கும் முன்பே மாவட்டத்து ஹாஸ்டல் அத்தனையும் கூடவே வந்து வரிசையாக நின்றன. அவற்றைப் போகச் சொல்லிப் பார்த்தான். போகவில்லை. எது எதற்காகச் சொன்னது என்று பிரித்தெடுக்க அவனாலேயே முடியவில்லை.

டைரக்டருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இருந்தாலும் கையைப் பிடித்துக் குலுக்கினார். புகைப்படக்காரர் பூந்தொட்டி இல்லையே என்று தேடினார். சௌம்யா காரிலிருந்து கேடயத்தை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்துவிட்டு, ஒதுங்கி நின்று ஏற்றுமதிக் கம்பெனிக்கு போன் செய்தாள். "ஓனர் கன்ஃபர்ம் ஆயிட்டாரு சார். ஆமா, அந்த மேடத்துக்கு பர்மிஷன் செல்லும். நாளைக்கே லோடு எடுத்துக்கலாம்." பேசிவிட்டு மல்லப்பனைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல பெண்.

ராமக்காள் கரண்டியோடு வந்து அவன் பக்கத்தில் நின்றாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். அவள் கேடயத்தை ஒரு தடவை பார்த்தாள், கொப்பரையைப் பார்த்தாள், அப்புறம் அவனைப் பார்த்தாள்.

"பாகு எறக்கற பதம் வந்துருச்சு" என்றாள். "மோட்டாரைப் போட்டுக்கட்டுமாங்க, இல்ல உங்க கையெழுத்து வேணுமா?"

"சின்ன அப்ளிகேஷன்தான், ஃப்ரீ" என்று சௌம்யா டேப்லெட்டை நீட்டினாள். கொப்பரையின் அடியில் பாகு தீயத் தொடங்கியிருந்தது. மல்லப்பன் கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையெழுத்துப் போடக் குனிந்தான்.